கண்ணாடிக்குள் ஒளி போகும் வேகம்

இன்று காலை கடையில் 1.67 லென்ஸ் ஒன்றைத் தேய்த்தேன். அழுகின முட்டை நாற்றம் எழுந்தது. இந்த நாற்றம் வந்தாலே நீ முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்ப்பாய். "இவ்ளோ விலை சொல்றீங்க, உள்ள கந்தகமா வெச்சிருக்கீங்க?" பழக்கத்தில் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

கூரம் கிராமத்திலிருந்து தோள்பையில் ஃபிரேம் கொண்டுவந்து பஸ் ஸ்டாண்டில் விற்று மேலே வந்தவன் நான். லென்ஸ் உறையில் 1.5, 1.67 என்று போட்டிருப்பது எனக்கு வெறும் விலைதான். கல்யாணமான புதிதில், பள்ளியில் இயற்பியல் நடத்திவிட்டு மாலையில் கல்லாவில் வந்து உட்காரும் நீதான் அதைக் கணக்காக்கினாய். வெற்றிடத்தில் ஒளி நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர். அதை அந்த எண்ணால் வகுத்தால் பொருளுக்குள் போகும் வேகம். சாதாரண லென்ஸில் இரண்டு லட்சம். தண்ணீரில் இரண்டே கால். வைரத்தில் ஒன்றே கால்கூடத் தேறாது. இந்த 1.67-இல் ஒரு லட்சத்து எண்பதாயிரம்.

"அப்ப மெதுவாப் போறதுக்கா ஜனங்க காசு அதிகமா குடுக்குது?"

"ஆமாங்க. மெதுவாப் போனா நல்லா வளையும், லென்ஸ் மெலிசா இருந்தா போதும். இதச் சொல்லி விக்காதீங்க, ஒருத்தரும் வாங்க மாட்டாங்க."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோதும் உனக்கு இதே பேச்சுதான். "கண்ணாடிய விட்டு வெளிய வந்ததும் ஒளி தானா பழைய வேகத்துக்கு வந்துடும். யாரும் தள்ள வேணாம். நீங்களும் வந்துடுவீங்க." எதற்கும் பேரம் பேசுகிறவன், அன்று அதைச் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டேன். நம்பிவிட்டேன். வருஷம் ஆகப்போகிறது, வெளியே வரும் வழி தெரியவில்லை. கடையைக் கைமாற்றிவிடப் பேசியிருக்கிறேன். நாளைக்குப் பார்க்க வருகிறார்கள்.

அந்த லென்ஸ் பிள்ளையார்பாளையத்து நெசவுக்கார அம்மாவுக்கு. தறியில் உட்கார்ந்தபடி கண்ணுக்கும் நெய்யும் இடத்துக்கும் உள்ள தூரத்தைப் பட்டுநூலில் அளந்து அறுத்து அனுப்புவாரே, அவர்தான். புத்தகம் படிக்கும் தூரத்துக்குப் போட்டுக் கொடுத்தால் நெசவுக்காரர்களுக்கு இழை தெரியாது. நூலைப் பிடித்து அளப்பது உன் வேலை. இந்த முறை கண் டாக்டர் சீட்டையும் நூலையும் மருமகளிடம் கொடுத்தனுப்பியிருந்தார். நான்தான் அளந்தேன்.

மதியம் தாமே வந்து மாட்டிப் பார்த்தார்.

"பளிச்சுனு தெரியுதுபா. ஆமா, டீச்சரம்மா எங்க காணோம்?"

"ஸ்கூலுக்குப் போயிருக்குதுமா."

எப்படி வாயில் வந்ததோ. வியாபாரத்தில் எத்தனையோ பொய் சொன்னதுண்டு. இவ்வளவு ஆசையாகச் சொன்னதில்லை.

"வந்தா நான் கேட்டன்னு சொல்லு."

எந்த லென்ஸைத் தொட்டாலும் மனம் மூன்று லட்சத்தை வகுத்துவிடுகிறது. நீ கொடுத்ததில் என்னிடம் ஓடிக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். விடை சரியாகவே வருகிறது. நான்தான் வரவில்லை.

பிள்ளையார்பாளையத்து அம்மா உன்னைக் கேட்டார்.