மறுப்பில்லாத நாற்பத்தெட்டு நாள்

கலங்களை நிறுத்துங்கள். ஐந்து வான்துறைகளிலும் ஒன்றுவிடாமல் நிறுத்துங்கள். கொடியேற்றப் பெருநாளுக்காக அணிசெய்து வைத்திருக்கும் ஏழு கலங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

முகமனும் வாழ்த்தும் முன்னே வர, வேண்டுகோள் பின்னே வருவதே ஓலை முறை என்பதை அறிவேன். பாதி ஓலை படிக்குமுன் தாங்கள் எழுந்து போய்விடுவதுண்டு என்பதையும் அறிவேன். ஆதலால் முறையை மாற்றினேன். இனி முகமன்.

நலம் சூழ்க. மூன்று புறம் கடலும் ஒரு புறம் மேகமலையும் காக்கும் எழிலாழிப் பெருநாட்டில், கோமகள் நல்லாளுடையார் வீற்றிருக்கும் அரியணைக்கு வலப்பக்கம் அமர்ந்து, வானாட்சி முழுவதையும் தம் ஒரு விரலசைவில் நடத்துகின்ற பேரமைச்சர் கோவேள் நன்னிராயர் அவர்களின் திருமுன்னர்க்கு, வான்துறைகளுக்கு ஆள் தெரிந்தெடுக்கும் சாவடியின் நாயகம், அலவாய் உப்பளத்து நாகன் மகள் தூமொழி எழுதியது. தங்கள் குலம் வாழ்க. தங்கள் கலங்கள் வாழ்க. அவற்றில் ஏறி அமரும் மக்கள் எல்லாருக்கும் முதலாக வாழ்க.

இப்பதவியை எனக்கு அளித்த அன்று தாங்கள் அருளியது நினைவிருக்கும். ஆள் கேள், பொருள் கேள், கால நீட்டிப்பும் கேள், கலத்தை நிறுத்தென்று மட்டும் என்றைக்கும் கேளாதே என்றீர்கள். உப்பு வாரின வீட்டிலிருந்து முதன்முதலாகக் கழகப் பட்டம் பெற்று வந்திருக்கிறாய், கெடுத்துக்கொள்ளாதே என்று பரிவோடு சேர்த்துச் சொன்னீர்கள். இரண்டாண்டு நானும் அதைக் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததன் விளைவைத்தான் இனி எழுதப்போகிறேன்.

சென்ற மாரியில் தென்கரை அரசு இருமடங்கு ஊதியமும் வீடும் தருவதாக ஆசை காட்டி, நம் செப்பனர் ஐந்நூற்றுவரில் முந்நூறு பேரை அழைத்துக்கொண்டது. கலத்தின் ஆணி முதல் இறகு வரை தொட்டுப் பார்த்து, குறையில்லை என்று ஒப்பமிடும் செப்பனர் இல்லாமல் எந்தக் கலமும் எழலாகாது என்பது நம் சட்டம். ஆகவே கலங்கள் முற்றத்தில் வெயில் காய்ந்தன. வழிப்போக்கர் வான்துறை வாயிலில் மூட்டையோடு படுத்துக் கிடந்து தங்களையும் என்னையும் வைதார்கள். அப்போது வலைப்பலகையால் ஆள் எடுப்போம் என்று சொன்னவள் நான்தான். அதை மறைக்கவில்லை.

ஊர்மன்றந்தோறும் ஒரு பலகை. அதில் ஒருவர் தம் பெயரையும் தொழிலையும் எழுதிக் கேள்விகளுக்கு விடை சொன்னால், அந்தக் கணமே தலைநகரில் நம் பலகையில் தெரியும். பதினோராயிரம் பேர் எழுதினார்கள். எழுதினவர் யார் மகன், எந்த வேளுக்கு உறவு என்று பலகை கேட்கவில்லை. முன்பெல்லாம் அதைத்தான் முதலில் கேட்பார்கள், என்னிடமும் கேட்டார்கள். ஆகையால் பலகையை இன்றும் நான் குறை சொல்லமாட்டேன். அதற்கு நாம் கற்றுக்கொடுத்த பாடத்தைச் சொல்கிறேன்.

பதினோராயிரம் பேரை யார் உட்கார்ந்து படிப்பது? ஆகவே தகுந்தவரைச் சலித்தெடுக்கப் பலகையைப் பழக்கினோம். நல்ல செப்பனர் என்பவர் யார் என்று அதற்கு நாம்தானே சொல்லவேண்டும்? தங்கள் அணுக்கச் செயலர் பரியேறனார், எவர் ஒப்பமிட்ட கலம் நேரம் தவறாமல் புறப்பட்டதோ அவரே நல்லவர் என்றார். கேட்பதற்கு நேர்மையாகத்தான் இருந்தது. பத்தாண்டு ஏடுகளைப் பலகைக்குக் காட்டி, தாமதம் செய்யாதவரைப் போன்றவரை மேலே ஏற்று, தாமதம் செய்தவரைப் போன்றவரைக் கீழே தள்ளு என்றோம். அது சொன்னதைச் செய்தது.

ஐயா, கலம் ஏன் தாமதமாகும்? காற்றால் ஆகும், மழையால் ஆகும். செப்பனர் ஒருவர் தலையை நிமிர்த்தி, இந்தக் கலத்துக்கு ஒப்பமிடமாட்டேன் என்று சொல்வதாலும் ஆகும். அப்படிச் சொன்னவர்கள் எல்லாரையும் பலகை சலித்துக் கீழே போட்டுவிட்டது.

இதைப் பிடிப்பதற்கென்றே நம் முன்னோர் ஒரு தேர்வு வைத்திருந்தார்கள். மூன்று நாள் தேர்வு. முதல் இரண்டு நாள் பழுதைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். மூன்றாம் நாள் பழுதுள்ள கலத்தின் அடியில் செப்பனரை நிறுத்தி, கலம் ஓட்டும் மீகாமனை அனுப்பி, ஆட்கள் காத்திருக்கிறார்கள், இடப்பா ஒப்பத்தை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கெஞ்சவும் அதட்டவும் வைப்பார்கள். ஒப்பமிட்டவருக்கு வேலை இல்லை. பலகைதான் சலித்துவிட்டதே, மூன்றாம் நாள் எதற்கு, அவசரத்தில் ஆள் வேண்டும் என்று அதை நீக்கினோம். அந்த ஆணையின் அடியில் இருப்பது என் ஒப்பம். மாலைக்குள் வேண்டும் என்று பரியேறனார் மேசையருகில் நின்றார், இட்டுக் கொடுத்தேன்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வேலைக்கு வந்தார்கள். ஒப்பமிடும் வேலை முழுவதும் அவர்களிடம் போயிற்று, எஞ்சிய பழையவர்கள் பழுதுநீக்கும் பணிக்கு மாற்றப்பட்டார்கள். அவர்கள் வந்து நாற்பத்தெட்டு நாள் ஆகிறது. முன்பு ஐந்து துறைகளிலும் மாதத்துக்கு முப்பது கலமாவது மறுக்கப்படும். இந்த நாற்பத்தெட்டு நாளில் ஒன்றுகூட மறுக்கப்படவில்லை. தாங்கள் அவையில் இதைச் சொல்லி மாலை சூடிக்கொண்டீர்கள். நான் பின்வரிசையில் நின்றிருந்தேன். கலங்கள் அதே பழைய கலங்கள். அவை திடீரென்று நலமடைந்துவிடவில்லை.

பதினொரு நாளுக்கு முன் வெண்காட்டுக் குடியானவர் ஒருவர், தம் அவரைத் தோட்டத்தில் வானத்திலிருந்து விழுந்தது என்று உள்ளங்கையகலத் தகடு ஒன்றை வாழையிலையில் சுற்றிக்கொண்டு வான்துறைக்கு வந்தார். இது உங்களதா என்று கேட்டார். ஆம் என்று வாங்கிக்கொண்டு மோர் கொடுத்து அனுப்பினார்கள். எந்தக் கலத்தினுடையது என்று எவரும் தேடவில்லை. செய்தி என் காதுக்கு எட்ட எட்டு நாள் ஆயிற்று. நானே போய் அன்றைய ஏடுகளைப் புரட்டினேன். பறந்தவை நாற்பத்தொரு கலம். நாற்பத்தொன்றிலும் குறையில்லை என்றே ஒப்பம். ஆக, அந்தத் தகடு எதிலிருந்து விழுந்தது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. அது இல்லாமலேயே அந்தக் கலம் தினமும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

வந்தவர்களுக்குத் தொழில் தெரியவில்லையோ என்று ஐயுற்றுக் கருங்கல்துறைக்குச் சென்றேன். பலகை முதலிடம் தந்த இளவெயினன் என்னும் செப்பனர் அங்கே இருக்கிறார், வயது இருபத்தாறு. இறகின் அடிமுளையில் விரிசல் உள்ளதென்று பழைய செப்பனர் ஒருவர் எனக்கு மட்டும் சொல்லியிருந்த கலத்தை அவர்முன் நிறுத்தினேன். மரக்கோலைக் காதில் வைத்துத் தட்டிப் பார்த்து, நான் நிழலுக்கு ஒதுங்கி நிற்பதற்குள் விரிசலின்மேல் விரலை வைத்துவிட்டார். அப்படிப்பட்ட கைத்திறன். பிறகு, மேலிடத்து அவசரம், ஒப்பமிடும் என்றேன். என் முகத்தை ஒருமுறை பார்த்தார், இட்டார்.

ஏன் இட்டீர் என்று கேட்டேன். தாங்கள் மேலிடத்தவர், மேலிடம் கேட்டு இல்லையென்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை, பலகையிலும் அப்படித்தான் எழுதினேன், அதற்காகத்தானே அம்மணி என்னை எடுத்தீர்கள் என்று விடை சொன்னார். அவர் என்னைக் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். அக்கலத்தை அங்கேயே நிறுத்திச் செப்பனிட வைத்தேன். மற்றத் துறைகளில் அந்த வேளையில் எத்தனை விரல் எத்தனை விரிசலின்மேல் இருந்தனவோ, அறியேன்.

பலகை கீழே தள்ளியவர்களில் கடம்பூர் நக்கை ஒருத்தி. முன்பு நம் துறையில் வேலை செய்த ஆறாண்டில் பத்தொன்பது கலத்தை மறுத்தவள். காரணம் கேட்க என் சாவடிக்கே நேரில் வந்தாள். எத்தனை கலத்தை ஏற்றினாய் என்று உன் பலகை கேட்டது அக்கா, எத்தனையை நிறுத்தினாய் என்று ஒரு வரி கேட்கத் தோன்றவில்லையா, நீ படித்த கழகத்தில் கூரை இருந்ததா, வெயிலில் மூளை காய்ந்துவிட்டதா என்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவும் மறுத்துவிட்டாள்.

இவையனைத்தையும் நேற்று முற்பகல் பரியேறனாரிடம் எடுத்துரைத்தேன். அவர் சிரித்தார். தாமதம் இல்லையென்று அழுகிற பெண்ணை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். ஒரு வீட்டில் முதன்முதலாக ஒருத்தி படித்துவிட்டால் இப்படித்தான், எதைக் கண்டாலும் தேர்வு வைக்கத் தோன்றும் என்று அருகிருந்த எழுத்தர்களுக்குச் சொன்னார், அவர்களும் சிரித்தார்கள். பெருநாளுக்கு நான்கு நாள் இருக்கிறது, ஆயிரத்து நானூறு பேர் நெய்தல்தீவுக்குப் பறக்கப் பெயர் கொடுத்துவிட்டார்கள், கோமகளும் வழியனுப்ப வருகிறார், வாயை மூடிக்கொண்டு ஏழு கலத்துக்கும் ஒப்பமிட ஆள் காட்டு என்று முடித்தார். ஆயிரத்து நானூறு என்பதை ஏதோ எனக்குத் தெரியாத எண் என்பதுபோல் சொன்னார்.

ஆகவே இன்று காலை நான் செய்ததைத் தங்களுக்கு அறிவிக்கிறேன். இசைவு கேட்கவில்லை.

முந்நூற்றுப் பன்னிருவரின் ஒப்பமிடும் உரிமையைப் பலகைவழியே ஐந்து துறைகளுக்கும் ஒருங்கே நீக்கிவிட்டேன். அவர்கள் வேலையையும் ஊதியத்தையும் நீக்கவில்லை, தவறு அவர்களுடையதன்று. மூன்றாம் நாள் தேர்வில் நின்று, மறுத்துக் காட்டுகிறவருக்கு உரிமை திரும்பக் கிடைக்கட்டும். மறுத்ததால் தள்ளப்பட்ட அறுபத்தெட்டுப் பேருக்கும் அதே பலகையில் அழைப்பு அனுப்பினேன். நண்பகலுக்குள் பத்தொன்பது பேர் வருகிறோம் என்றார்கள். நம்மிடம் எஞ்சிய பழைய செப்பனரோடு அவர்களும் சேர்ந்து ஒவ்வொரு கலமாகப் பிரித்துப் பார்க்க முப்பது நாளாவது செல்லும். பெருநாள் அதற்காகக் காத்திருக்காது என்பீர்கள். மக்கள் படகில் போகட்டும்.

இதைத் தாங்கள் மாற்ற நினைப்பீர்கள். நீக்கிய உரிமையைத் திரும்ப அளிக்கச் சட்டப்படி ஆள்தெரிவு நாயகம் ஒருவருக்கே இயலும். என்னை அழைப்பீர்கள், பரிவாகச் சொல்வீர்கள், பிறகு பரிவில்லாமல் சொல்வீர்கள். மேசையருகில் ஒருவர் நின்றதற்கே ஒருமுறை ஒப்பமிட்டவள் நான். என்னை நான் நம்பவில்லை. எனவே இந்த ஓலையோடு பதவியையும் விடுகிறேன். புதிய நாயகத்தை அமர்த்த அவை கூடி ஒன்பது நாள் ஆராயவேண்டும் என்பது தாங்களே இயற்றிய விதி. பெருநாளுக்கு மூன்று நாளே உண்டு. அதுவரை இந்த நீக்கத்தை மாற்றும் கை இந்நாட்டில் இல்லை.

இன்னொரு வழி உண்டு, மறைக்கமாட்டேன். செப்பனர் இல்லாதவிடத்துப் பேரமைச்சரே ஒப்பமிட்டுக் கலத்தை எழுப்பலாம் என்றும் விதி இருக்கிறது. ஏழு கலங்களின் ஏடுகளையும் இத்துடன் கட்டி அனுப்பியுள்ளேன். குறையில்லை என்னும் சொல்லுக்கு எதிரே இடம் விட்டிருக்கிறது. வேண்டுமாயின் தங்கள் திருப்பெயரை எழுதிக்கொள்ளலாம். எழுதுமுன் வெண்காட்டுத் தகட்டை வரவழைத்து ஒருமுறை கையில் பிடித்துப் பாருங்கள்.

இவ்வோலை கண்டு நடக்கவேண்டிய ஆணை: ஐந்து துறைகளிலும் எழுதல் நிற்க, முற்றத்துக் கலம் முற்றத்திலும் வானத்துக் கலம் இறங்கிய இடத்திலும் நிற்க, மறுக்கும் செப்பனரை வையவோ தள்ளவோ எவருக்கும் உரிமை இல்லாது ஒழிக. எழிலாழி நாட்டில் ஆகாயம் உள்ளளவும் இது நிற்பதாக. ஆள்தெரிவுச் சாவடி முத்திரை, நாகன் மகள் தூமொழி கையால், இறுதியாக இடப்பட்டது.

திருமுன் நின்று விடைபெறுவதே முறை. வெளிமுற்றத்தில் பரியேறனார் இரண்டு காவலரோடு நிற்பது பலகணி வழியே தெரிகிறது. என்னை அழைத்துப்போகத்தான் வந்திருப்பார்கள். முத்திரையை மேசைமீது வைத்துவிட்டேன். சாவடிக்குப் பின்வாயில் ஒன்று உண்டு. ஆனால் முன்வாயில் வழியாகவே போகிறேன், அவர்கள் கேட்பதற்கெல்லாம் இல்லை என்று சொல்லிக்கொண்டு.