உட்கார்ந்து தூங்கினவருக்கு

என் செல்வி அப்பாவுக்கு,

உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்ல. எழுதவும் கை வரமாட்டேங்குது. ‘செல்வி அப்பா’ என்றால் போதும், எங்கே இருந்தாலும் திரும்பிப் பார்ப்பீங்க.

வெட்டின ரப்பர் பாலை ஸ்டோரில் ஊத்திட்டு இப்பத்தான் வந்தேன். மத்தியான வெயிலில் ரப்பர் கொட்டை படார் படாரென்று வெடிக்குது. நம்ம செல்வி பாயில் மல்லாந்து தூங்குறா. வாய் மூடியிருக்கு. சத்தமே இல்ல. இதைச் சொல்லத்தான் எழுதுறேன்.

காட்டில் கம்யூனிஸ்டுக்காரங்க சண்டை, அவசரகாலம் என்று லயத்து வீடுகளையெல்லாம் ஒண்ணாக் கூட்டி முள்ளுக்கம்பி போட்டாங்களே, அப்போ பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாரியக்கா குடிவந்தாங்க. பிள்ளை குறட்டையைக் கேட்டு, “அடியே, பால் லோரி மேடேறுதுடி!” என்று கத்துவாங்க. பிள்ளைகளைப் பார்த்துக்கிற ஆயாக் கொட்டகையிலும், “இவ மாதிரி அசந்து தூங்குற பிள்ளை தோட்டத்துலயே இல்ல லா” என்பாங்க. எனக்கும் பெருமைதான். சளியென்று நினைச்சு, தலைக்கு ஊத்துற நாளெல்லாம் சாம்பிராணிப் புகை காட்டுவேன். சாரோங் தொட்டிலில் குறுக்கிப் போடுவேன். கால் வெளியே தொங்கும்.

நீங்க மட்டும்தான், “தூக்கமா இது? மூச்சோட மல்லுக்கட்டுது பிள்ளை” என்றீங்க. தொட்டிலிலிருந்து தூக்கி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நெஞ்சில் நிமிர்த்தி வச்சுக்குவீங்க. அப்பத்தான் அவளுக்கு மூச்சு சீராகும். விடியறதுக்குள்ள அப்படியே எழுந்து, பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் போவீங்க. முதுகு வலிச்சுதா? ஒரு நாளும் சொல்லலியே.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் அவ தொண்டையைப் பார்த்தார். உள்ளே சதை வளர்ந்திருக்கு, மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் எடுக்கணும் என்றார். ரோட்டில் வெடிச்சத்தம் ஓயட்டும், கூட்டிட்டுப் போறேன் என்றீங்க. அதுக்குள்ள மழைக்காத்தில் கிளை முறிஞ்சு உங்களைக் கொண்டு போயிடுச்சு.

பள்ளிக்கூடத்தில் அவ மேசையில் தலை சாய்ச்சுத் தூங்கினா. தூங்குமூஞ்சி என்று பேர் வச்சாங்க. எனக்குக் கத்தியென்றால் பயம். ஒரு உயிர் போயாச்சு, இதுவும் போயிட்டா?

ஒரு நாள் உங்க இடத்தில் உட்கார்ந்து அவளை என் நெஞ்சில் போட்டேன். அவ மூச்சு நின்னுச்சு. என் மூச்சும் நின்னுச்சு. அப்புறம் விக்கி, உடம்பு தூக்கிப்போட்டு இழுத்துச்சு. இதைத்தான் நீங்க தினமும் சுமந்தீங்களா? காலையில் டிரசர் வாசலில் போய் நின்னேன்.

மலாக்கா போற அன்னிக்கு தோட்டத்து கேட்டில் சோதனை. காட்டுக்காரங்களுக்குச் சோறு வெளியே போகக் கூடாதே. சோதனை போடுற அம்மா என் மடியைத் தடவிட்டு, “பிள்ளைக்குக்கூட ஒண்ணும் எடுத்துக்கலியா?” என்றா. “வெறும் வயித்தோட வரச் சொன்னாங்கம்மா. தொண்டையில கத்தி வைக்கிறாங்க” என்றேன். அவ செல்வி கன்னத்தைத் தொட்டுட்டு வழி விட்டா.

வீடு திரும்பி, புண் ஆறி, அவ முதல் தடவை சத்தமில்லாமத் தூங்கினப்போ நான் மூக்குக்கிட்ட விரலை வச்சேன். இளஞ்சூடா வந்துச்சு. அந்தப் பக்கமிருந்து மாரியக்கா, “என்னடி, இன்னிக்கு லோரி வரலியா?”

“மேடேறிடுச்சுக்கா” என்றேன். அதுக்கப்புறம்தான் அழுதேன்.

இந்தக் கடுதாசி எந்தத் தாய் கையில் கிடைச்சாலும், அவ காதிலும் இது விழட்டும். குறட்டையைக் கேட்டு, பிள்ளை நல்லாத் தூங்குது என்று என்னை மாதிரி பெருமைப்படாதீங்க.

பலகையில் உங்க தலை பட்ட எண்ணெய்க் கறை அப்படியே இருக்கு. கனவில் அங்கேதான் வர்றீங்க. இன்னும் உட்கார்ந்தபடி, ரெண்டு கையும் நெஞ்சில் கூட்டி, யாரையோ தாங்குற மாதிரி. கைக்குள்ள யாருமில்ல. பனிதான் இருக்கு.

கையை இறக்குங்க. பாய் விரிச்சிருக்கேன், காலை நீட்டிப் படுங்க. அவ மூச்சை இனிமே நான் கேட்டுக்கிட்டிருப்பேன். இது சத்தியம்.

உங்க,
செல்வி அம்மா