பிஸ்கட் டப்பாவுக்கு அடியில் இருந்த படிவம்

கெனத்,

காலை பஸ்ஸை இன்னைக்கு நான்தான் ஓட்டணும், கிளம்பிட்டேன். நேத்து வச்ச ஸ்டூ அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்கோ. பதினோரு மணிக்கு கேஸ்காரர் வருவார். நாயைத் தோட்டத்துல விட்டுடு, போன தடவை அவர் பேன்ட்டைக் கவ்விடுச்சு.

பிஸ்கட் டப்பாவுக்கு அடியில நீ ஒளிச்சு வச்ச வரிச்சலுகைப் படிவத்தை மேஜை மேல வச்சிருக்கேன். புருஷன் பெண்டாட்டியில யாருக்குச் சம்பளம் கம்மியோ அவங்கதான் விண்ணப்பிக்கணும். நான் போட்ட சட்டமில்லை. முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் நீ செடிக்கடைக்கு மூணு நாள்தான் போற, நான் முழுநேரமா பஸ் ஓட்டறேன். நேத்து மாதிரி கதவை அறைஞ்சு சாத்தினா அது மாறிடாது.

மத்ததெல்லாம் நிரப்பிட்டேன். உன் கையெழுத்துதான் பாக்கி.

ஐலீன்

பி.கு. பேனா எழுதலைன்னு சொல்லாதே. எழுதிப் பாத்துட்டுதான் வச்சிருக்கேன்.

இன்னொண்ணு. பிள்ளைங்களுக்காக நான் அரைநாள் வேலை பாத்தப்போ, ஒன்பது வருஷம் இதே படிவத்துல சம்பளம் கம்மியானவங்க கட்டத்துல என் பேருதான் இருந்தது. ஒரு நாளாவது என்னை மட்டமா நினைச்சியா? இல்லைல்ல. நான் மட்டும் நினைப்பேனா, மண்டு?