ஈரப் பாவாடை

12 பிப்ரவரி 1968, திங்கள்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ஐந்து வருடம்.

காலையில் குழாயடியில் சுந்தரராஜின் மனைவி தன் பெண் ஐடாவை அடித்தாள். ஏழு வயது. "இன்னாடி, ஊர்ல மழையே இல்ல, உன் பாவாடைல மட்டும் டெய்லி மழையா?" குடத்தோடு நின்றவர்கள் சிரித்தார்கள். ஐடா அழவில்லை. பாவாடையின் பின்புறத்தைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

என் மகள் சம்பங்கியும் அந்த வயதில் அப்படித்தான் நிற்பாள்.

13 பிப்ரவரி

அவன் வீட்டில் எது நடந்தால் எனக்கென்ன? நந்திதுர்க் தங்கச் சுரங்க ஆபீசில் எனக்கு வரவேண்டிய ஹெட் கிளார்க் நாற்காலியில், இரண்டு வருடத்துக்கு முன் வந்த சுந்தரராஜ் உட்கார்ந்திருக்கிறான். நான் பி.ஏ. அன்றிலிருந்து பேச்சில்லை.

16 பிப்ரவரி, வெள்ளி

வேலூரிலிருந்து சம்பங்கி தன் அம்மாவுக்கு எழுதியிருக்கிறாள். டீச்சர் டிரெயினிங், மாமா வீட்டுக் கன்றுக்குட்டி, புதுச் செருப்பு. இரண்டு பக்கம். என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. மூன்று முறை படித்தேன்.

17 பிப்ரவரி

எழுதித்தான் ஆகவேண்டும்.

சம்பங்கி ஒழுங்காகச் சிறுநீர் கழித்துவிட்டு வருவாள். அடுத்த நிமிடமே ஈரம். இரவு, பகல் எந்நேரமும். ஆண்டர்சன்பேட்டையில் ஒரு டாக்டர், "சோம்பல், நாலு போடுங்க" என்றார். போட்டேன். பதினான்கு வயது வரை. வேலூரில் இருக்கும் மச்சான் தசரதன், அங்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன் என்றான். "என் பொண்ண கூறுபோட உன்ன யார்றா கேட்டது?" என்று கத்தினேன். கேட்காமலே கூட்டிப்போனான்.

அங்கே குழந்தைகளுக்கு இதைப் பார்க்கவே ஒரு டாக்டர் இருந்தாராம். மூத்திரப்பையில் நீலச் சாயம் ஏற்றினார்கள். அப்புறமும் துணியில் சொட்டியது நீலமில்லை, நிறமில்லாத ஈரம். பையிலிருந்து வந்தால் அல்லவா நீலமாக வரும்? சிறுநீரகத்துக் குழாய் ஒன்று பிறவியிலேயே பையில் சேராமல் கீழே திறந்திருந்தது. ஐந்து வருடத்துக்கு முன், ஒரே ஆபரேஷன். பிறகு அவள் நனையவில்லை. இந்த வீட்டுக்கும் வரவில்லை.

கல்யாணம் ஆகவேண்டிய பெண் என்பதால் இதை ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. தசரதனை இன்னும் மன்னிக்கவில்லை — அவன் சொன்னது சரியாக இருந்ததற்காக.

19 பிப்ரவரி

என் மனைவி பார்வதம்மா ஐடாவைத் தனியாகக் கேட்டுவிட்டு வந்தாள்.

"ஒண்ணுக்குப் போய்ட்டு வந்தாலும் ஒழுகுதாம். நம்ம கொழந்த மாதிரியே. போய் அவர்கிட்ட சொல்லுங்க."

"அவன்கிட்டயா? நானா?"

"வாய் வலிச்சா கடுதாசி போடுங்க. பி.ஏ. தான?"

20 பிப்ரவரி, செவ்வாய்

என் எழுத்தை சுந்தரராஜ் தினமும் ஆபீசில் பார்க்கிறான். அதனால் நான் சொல்லச் சொல்லப் பார்வதம்மா எழுதினாள். அறிகுறி, ஆஸ்பத்திரி, நீலச் சாயம். "அடிக்காதீர்கள், குழந்தைமேல் தவறில்லை" என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"இத சம்பங்கிக்கு எப்ப சொல்லுவீங்க?"

என்ன முகத்தோடு சொல்வேன்?

கடைசியில் தசரதனின் முகவரியையும் எழுதச் சொன்னேன். வழி காட்டுவான். அவன் என் மச்சான் என்பது சுந்தரராஜுக்குத் தெரியாது. ஐடாவோடு போகிறவர்கள் கடிதத்தைத் தசரதன் வீட்டில் காட்டுவார்கள். சம்பங்கி அம்மாவின் எழுத்தை அடையாளம் கண்டுகொள்வாள். 'அடிக்காதீர்கள்' என்ற வரியைச் சொன்னது யார் என்று யோசிப்பாளா?

என் பெயரைக் கண்டால் சுந்தரராஜ் கடிதத்தை அடுப்பில் போடுவான். அவன் எழுதியிருந்தால் நானும் அதையே செய்திருப்பேன். ஐடா வேலூர் போய்ச் சேரட்டும். நாளை ஆபீஸ் போகும் வழியில், பெயர் போடாமலே, தபாலில் சேர்த்துவிடுகிறேன்.