காருக்குப் பின்னால் அப்பாவின் நாற்காலி

ஜார்ஜ்டவுன், பினாங்கு
12.9.1993

அன்புள்ள மகள் நளாயினிக்கு,

இங்கே அப்பாவும் நானும் சுகம், அடிலெய்டில் குளிர் குறைந்து நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். டிசம்பரில் வர முடியுமா என்று இன்னும் தெரியவில்லை என எழுதியிருந்தாய். வேலை முக்கியம், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நீ வந்தால் தானும் விமான நிலையத்துக்கு வருவதாக அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார். பக்கவாதம் வந்த பிறகு ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் வர மறுத்தவர் அவர், அதனால்தான் நீ அனுப்பிய விளம்பரத் தாளை உடனே உட்கார்ந்து படித்தேன். நீ வட்டமிட்டிருந்த மின்சார ஸ்கூட்டரும் அதைக் காரின் பின்னால் ஏற்றும் கொக்கியும் உங்கள் ஊர்ப் பெரிய கார்களுக்குச் சரி, நம் புரோட்டோன் சாகாவின் பின்னால் அந்தப் பாரத்தை வைத்தால் முன்சக்கரம் தரையில் பாவாது. வைத்தாலும் எங்கே ஓட்டுவது? நம் தெரு ஐந்தடி நடைபாதையில் கடைக்குக் கடை படி, படி இல்லாத இடத்தில் மோட்டார் சைக்கிள். ஆகவே இப்போதுள்ள சக்கர நாற்காலியே போதும், அதை ஏற்ற மட்டும் ஒரு கொக்கி போடலாம் என்று முடிவு செய்தேன். காரின் பின்பெட்டிக்குள் வைக்கலாமே என்பாய், அதன் விளிம்பு உயரம், தூக்கினால் என் தோள் வலிக்கிறது, மேலும் நாற்காலியை அங்கே வைத்தால் உன் பெட்டிகளுக்கு இடமில்லை.

ஜெலுத்தோங்கில் பட்டறை வைத்திருக்கும் கமாலுதீனிடம் போனேன். எதைக் கேட்டாலும் மலாயும் தமிழுமாக "போலே டீச்சர், எல்லாம் முடியும்லா" என்பவர், அதனாலேயே எனக்கு நம்பிக்கை குறைவு. நாற்காலியை மடித்துத் தொங்கவிடும் கொக்கி ஒன்று, தாழ்வான தட்டு வைத்த கொக்கி ஒன்று என இரண்டைக் காட்டினார். தொங்குவது எண் பலகையையும் விளக்கையும் மறைக்கும், தூக்கவும் வேண்டும். தட்டு என்றால் உருட்டி ஏற்றி வாரால் கட்டிவிடலாம், மழையில் நனையும் என்பது ஒன்றுதான் குறை, அதற்கு ஓர் உறை தைத்துவிட்டேன். தட்டைப் பற்றவைத்து முடித்ததும் சேலையைச் செருகிக்கொண்டு நானே அதன்மேல் ஏறி நின்றேன். "டீச்சர், கொக்கி தாங்கும், என் மானம்தான் தாங்காது, இறங்குங்கலா" என்று கெஞ்சினார். ஒரு குதி குதித்துப் பார்த்த பிறகே இறங்கினேன்.

அப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "சந்தைக்குப் போற கோழிக்கூடு மாதிரி என்ர நாற்காலியைப் பின்னால கட்டி ஊர் முழுக்கக் காட்டப்போறீரோ?" என்று கேட்டுவிட்டு எனக்கு முகம் கொடுக்கவேயில்லை. புது வேலை செய்த வண்டியைப் பூசை போடாமல் ஓட்ட அவருக்கு மனம் வராது. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று உனக்குத் தெரியும், ஆனாலும் பிள்ளையார் கோயிலுக்குப் போவோமா என்று கேட்டேன், அதற்கு வந்தார். குருக்கள் கார்ச் சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார், நான் நசுக்கி ஓட்டினேன். உடனே அப்பா, "என்ர வண்டிக்கு எங்கை ஐயா தேசிக்காய்?" என்றார். நாற்காலியை இறக்கி, அவரை உட்காரவைத்து, அதன் பெரிய சக்கரங்களுக்கும் பழம் வைத்தோம். நான் தள்ள, பழம் நசுங்காமல் வழுக்கி ஓட, குருக்கள் அதைத் துரத்த, அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று.

கோயிலிலிருந்து வீட்டுப் பக்கம் காரைத் திருப்பப் போனேன், பாயான் லெப்பாசுக்கு விடும் என்றார் அப்பா. அங்கே விமான நிலையத்தில் நாற்காலி ஏறச் சரிவுப் பாதை இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். இருக்கிறது. பார்த்தாயிற்றே, போகலாம் என்றேன், அவரோ பயணிகள் வெளியே வரும் கதவுக்கு எதிரே தள்ளச் சொன்னார். கோலாலம்பூரிலிருந்து ஒரு விமானம் இறங்கியிருந்தது. அதில் நீ இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடைசி ஆள் வந்து கதவு மூடும்வரை இருவரும் அங்கேயே இருந்தோம்.

நான் கெஞ்சி எழுதுகிறவள் இல்லை. டிசம்பரில் வந்துவிடு, நளா. சீட்டு எடுக்கும்போது பகலில் இறங்கும் விமானமாகப் பார், இருட்டில் அந்த வாரைக் கட்ட எனக்குக் கண் போதாது. பிள்ளையார் உன்னைக் காக்கட்டும் என்று எழுதச் சொன்னார் அப்பா. நானும் அதையே எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா