உன் வட்டத்துக்குக் கீழே

அன்புள்ள வாலுவுக்கு,

உன் அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் நலம். வழக்கத்துக்கு எழுதுகிற நலம் இல்லை இது, டாக்டர் தன் வாயாலேயே சொன்ன நலம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இவ்வளவு தூரத்திலிருந்து நம்பத்தான் முடியும். என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைத் தம்பி உனக்கு போனில் அனுப்பிவிட்டான், நீயும் வரிவரியாகப் படித்திருப்பாய். அதில் இல்லாததை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் பேசினால் அந்த அளவு என்ன, இந்த அளவு என்ன என்று நீ கேட்டுக்கொண்டே போவாய், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும்.

முதலில் வீட்டு விஷயம். முடி நன்றாக வளர்ந்துவிட்டது, ஆனால் சுருள் சுருளாக வருகிறது, இத்தனை வருஷம் வழுக்கிக்கொண்டு போன சீப்பு இப்போது பாதியில் நின்றுவிடுகிறது. காலையில் என்னைப் பார்த்து யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன் என்கிறார் உன் அப்பா. ஆபரேஷன் செய்த பக்கம் கையைத் தூக்கினால் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது, அதனால் மேல் அலமாரி டப்பாவை அவர்தான் எடுத்துத் தருகிறார், ஒரு டப்பாவுக்கு அவர் பண்ணுகிற அலட்டல் தாங்கவில்லை. உன் அத்தை எதிர்வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து, அண்ணனைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நாள் தவறாமல் வந்துவிடுகிறாள். நீ பெரிய கேன்சர் டாக்டர் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். என் மகள் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆயிரக்கணக்கான பேருடைய கட்டிகளில் ஜீன்கள் எப்படி வேலை செய்கின்றன என்று கம்ப்யூட்டரில் பார்க்கிறவள் என்று நான் விளக்கினேன். அப்படியானால் என் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகிறதே, அதையும் அங்கிருந்தே பார்க்கச் சொல்லுங்கள் அண்ணி என்றாள். நீ சொன்னதை வைத்துத்தான் நானும் விளக்குகிறேன். உடம்பு முழுக்க ஒரே ஜீன்கள்தான், எது எங்கே வேலை செய்ய வேண்டும், எது எங்கே சும்மா இருக்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, கேன்சரில் சும்மா இருக்க வேண்டியது எழுந்து உட்கார்ந்துகொள்கிறது என்றாயே, அதைக் கேட்டதும் எனக்கு உன் அத்தை ஞாபகம்தான் வந்தது. இதை அவளிடம் சொல்லிவிடாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லி நீ எத்தனை தடவை கேட்டாய், நானும் எத்தனை தடவை தட்டிக்கழித்தேன். கட்டியை எடுத்தாயிற்று, மருந்து ஏற்றியாயிற்று, இனி எதற்கு என்னைக் குத்த வேண்டும் என்று நினைத்தேன். நீயும் எதற்கு என்று நேராகச் சொல்லவில்லை. ஊரார் ஜீனையெல்லாம் அலசுகிறவள், நம் வீட்டு ஜீன் என்று வந்தால் மட்டும் மென்று முழுங்கினாய். அப்புறம் ஒரு நாள் மாப்பிள்ளை தனியாக போன் பண்ணினார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே, அவர் சொல்லியிருக்காவிட்டால் நான் போயிருக்கவே மாட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார், "அவ குழந்தை வேணாம்னு சொல்லலைம்மா. இது பரம்பரையா வர்றதா இல்லையான்னு தெரியாம வேணாம்ங்கறா." எனக்கு நோய் வந்தபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை. நான் உனக்குக் கொடுத்துவிட்டேனோ, உன் வழியாக இன்னும் பிறக்காத பிள்ளைக்கும் கொடுத்துவிடுவேனோ என்ற பயம் அன்றைக்குத்தான் பிடித்தது. மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன்.

ரத்தம் எடுப்பதற்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்து குடும்பத்தைப் பற்றியெல்லாம் கேட்டாள், அதற்கென்றே படித்தவளாம், உன்னைவிடச் சின்னவள். சின்ன அறை, மூன்றே நாற்காலி, உன் அத்தையும் கூடவே வந்துவிட்டதால் அப்பா நின்றுகொண்டிருந்தார். அந்தப் பெண் ஒரு பெரிய தாளில் பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குச் சதுரம் என்று பென்சிலால் போட்டுக்கொண்டே வந்தாள். கேன்சர் வந்தவர்களுக்குக் கறுப்படிக்க வேண்டுமாம். என் வட்டத்தைக் கறுப்படித்தாள், பார்க்க என்னவோ போலத்தான் இருந்தது. பிள்ளைகளுக்காக அப்பா பக்கத்தையும் கேட்டதும், எங்கள் பக்கம் யாருக்கும் ஒன்றும் இல்லை, எல்லாரும் வயதாகித்தான் போனார்கள் என்று அத்தை முந்திக்கொண்டாள். நம் பெரியப்பாவுக்கு வயிற்றில் கட்டி இருந்ததே என்றார் அப்பா. அது வெறும் அல்சர் என்றாள் அவள். அல்சருக்கா ஆபரேஷன் பண்ணி வயிற்றைப் பாதி எடுத்தார்கள் என்று அவர் கேட்க, என் நோயை விட்டுவிட்டு அண்ணனும் தங்கையும் செத்துப்போன மனுஷனின் வயிற்றுக்குச் சண்டை போட்டார்கள். அந்தப் பெண் பென்சிலைப் பிடித்தபடி பொறுமையாக இருந்தாள். பிள்ளைகளுக்கு அம்மா வழியாக மட்டும் இல்லை, அப்பா வழியாகவும் வரலாம் என்றாள். வீட்டுக்கு வந்ததும் அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தானும் டெஸ்ட் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டாள். பாவம், அவளுக்கும் பயம்தான்.

ரிசல்ட் சொல்கிற அன்று அப்பா ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். அதே அறை, அதே பெண். உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள், "உங்க ரத்தத்துல அந்த மாதிரி எதுவும் இல்லம்மா. கோளாறு அந்தக் கட்டிக்குள்ள மட்டும்தான் உண்டாகியிருக்கு. நீங்க யாருக்கும் குடுக்கல." அப்பா திரும்ப ஒருமுறை சொல்லச் சொன்னார், அவளும் சொன்னாள். நான் வெளியே வந்து நடையில் குடிதண்ணீர் மெஷின் பக்கத்தில் நின்று அழுதேன். என்ன செய்வதென்று தெரியாமல் அப்பா போய் இரண்டு டீ வாங்கிவந்து, இரண்டையும் அவரே குடித்துவிட்டார். தெரிந்த ஜீன்களை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள், தெரியாதது இன்னும் இருக்கலாம் என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள், அது உன் வேலை. நான் தெரிந்தவரைக்கும் சந்தோஷமாக இருக்கிறேன்.

அந்தப் படத்தில் ஒரு நகல் கேட்டு வாங்கிவந்திருக்கிறேன். உன் வட்டம் என் வட்டத்துக்குக் கீழே வெள்ளையாக இருக்கிறது, மாப்பிள்ளையின் சதுரத்தோடு ஒரு கோடு போட்டுச் சேர்த்திருக்கிறாள். அதற்குக் கீழே தாளில் நிறைய இடம் கிடக்கிறது. அதை நிரப்பு என்று சொல்ல மாட்டேன், அது உங்கள் இருவர் விஷயம், அத்தை கேட்டால்கூட நான் பார்த்துக்கொள்கிறேன். அது காலியாகவே இருந்தாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் என்னை நினைத்துப் பயந்து காலியாக இருக்க வேண்டாம். என்னிடமிருந்து உனக்கு வந்தது பிடிவாதம், முன்பல் இடைவெளி, கோபம் வந்தால் கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவுகிற வழக்கம், அவ்வளவுதான். கடைசியாகச் சொன்னது மட்டும் மாப்பிள்ளை சொல்லித்தான் தெரியும்.

நீங்கள் இரண்டு பேரும் மனசு நிறைந்து, நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். எடுத்த வேலையெல்லாம் உனக்குக் கைகூட வேண்டும், அந்த ஆயிரக்கணக்கான பேரில் யாருக்காவது உன்னால் நல்லது நடக்க வேண்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், அடுத்த தடவை போன் பண்ணும்போது ரிப்போர்ட்டைப் பற்றிக் கேட்காதே. சாப்பிட்டாயா அம்மா என்று கேள். இத்தனை மாதமாக நீ அதைக் கேட்கவே இல்லை.

இப்படிக்கு,
கறுப்பு வட்டத்துக்குள் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா