தங்கப்பன் சாடினது

ஐப்பசி, திங்கள்

விடாத மழை. பத்திரம் எழுத ஒரு ஆள் வரவில்லை. குடைக்கம்பி ஒன்று போச்சு.

மத்தியானம் குளத்தில் தங்கப்பன் முங்கிச் செத்தான். கீரிப்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. லீவில் வந்தவன். படித்துறையில் வழுக்கி விழுந்த சின்னப் பிள்ளையைப் பார்த்ததும் சாடியிருக்கிறான். பிள்ளையைக் கரைக்குத் தள்ளிவிட்டான். அவன் ஏறவில்லை. யார் பெற்ற பிள்ளையோ. பெண்டாட்டி பொன்னம்மை அழவே இல்லை. அதைத்தான் பார்க்க முடியவில்லை.

ஊர்ச் செய்தி எழுதுகிறவன் நான்தானே. மதுரைப் பத்திரிகைக்குக் கார்டு: 'சிறுமியைக் கண்டதும் சாடினார். சிறுமி பிழைத்தாள். அவர் மாண்டார்.' நீளமாக எழுதினால் வெட்டுவான்கள்.

வெள்ளி

பத்திரிகை வந்தது. மூன்றாம் பக்கம், அடியில். 'சிறுமியைச் சாடியவர் குளத்தில் மூழ்கி மரணம்.'

நாசமாய்ப் போக. மதுரைக்காரனுக்குச் சாடுவது என்றால் ஏசுவது, அடிப்பது. நமக்குக் குதிப்பது. நம்மூரில் தவளையும் சாடும். அவன் பத்திரிகையில் விலை ஏறும், சட்டம் பாயும், மந்திரிசபை கவிழும். எல்லாம் புரியும். ஒரு மனுஷன் தண்ணீரில் சாடினால் மட்டும் புரியாது.

வீட்டில் இவளிடம் வாசித்துக் காட்டினேன். "சாடினாருன்னுதானே போட்டிருக்கு? பொறவு என்ன?" என்கிறாள். ஊரில் எல்லாருக்கும் அப்படித்தான்.

திருத்தம் கேட்டு எழுதினேன்.

செவ்வாய்

மழை. மண்ணெண்ணெய் வாங்க. செருப்பு தைக்க.

மதுரையிலிருந்து பதில். திருத்தத்துக்கு இடமில்லை. இனி 'குதித்தார்' என்று நல்ல தமிழில் எழுதவும். நல்ல தமிழாம்.

சாயங்காலம் பொன்னம்மை. புருஷன் வேலையைத் தனக்குக் கேட்டு தோட்டத்து மானேஜரைப் பார்க்கப் போகிறாளாம். மானேஜர் மதுரைப் பக்கத்து ஆள்.

"அண்ணாச்சி, அவரு சாடுனது பேப்பர்ல வந்திருக்காமே. அதத் தாருங்க. காட்டினா எரக்கம் வரும்லா."

பேப்பர் இல்லை என்றேன். அது வேண்டாம், சும்மா போய்க் கேள் என்றேன். ஏன் என்று எந்த வாயால் சொல்ல? போய்விட்டாள்.

புதன்

சாயாக்கடைக்காரன்: "பொன்னம்மையா? இங்க கெடந்த பழைய பேப்பர வாங்கிட்டு மொத பஸ்ஸுக்கே போயாச்சே."



வியாழன்

வெயில் லேசாக. பாய் எல்லாம் காயப்போட்டது.

பொன்னம்மை வந்தாள். கையில் அந்தப் பேப்பர்.

"வாசிச்சாரு. எம் மூஞ்சியப் பாத்தாரு. மடக்கித் தந்துட்டு, வேலை இல்ல, போம்மான்னுட்டாரு. நல்லதுதானே அண்ணாச்சி போட்டிருக்கு? ஒருக்கா வாசியுங்க. நான் இன்னும் முழுசாக் கேக்கல்ல."

வாங்கினேன். மழையில் நனைந்து மை பரவியிருந்தது. அச்சில் இருந்ததை வாசிக்கவில்லை. கார்டில் நான் எழுதினதை வாசித்தேன். சிறுமியைக் கண்டதும் சாடினார். சிறுமி பிழைத்தாள்.

"ஆமா," என்றாள். "அப்பிடித்தான் சாடுனாரு."